பக்கத்து வீட்டுக்காரி

விதைத்து நாற்பத்தைந்து நாள்.
அங்சொமாவின் வயலில் தட்டைப்பயறு பூத்திருக்கிறது.
மழை விட்ட காலையில் மண்வெட்டியை ஆழ இறக்கி
வேரோடு பெயர்த்துக் குலுக்குகிறேன்.
ஈர மண் உதிர உதிர
கொத்துக் கொத்தாய் முடிச்சுகள்.
ஒன்றை நகத்தால் கீறிப் பார்க்கிறாள் அவள்.
உள்ளே ரத்தச் சிவப்பு.
"நல்லது" என்கிறாள்.
பச்சையாய் இருந்தால் முடிச்சுக்கு வயசாகிவிட்டதாம்.
இதை எழுத எனக்கு இரண்டு பக்கம் ஆகியிருந்தது.

ஐஸ் பெட்டியில் நேற்றைய மீனின் வாடை.
ஜிராபா சந்தையில் ஐஸ் விற்பவள் மீனும் விற்கிறாள்.
குப்பிகளை அதில் புதைத்துக்கொண்டு வண்டிக்கு வந்தால்
பாயுவோ இடது காலைக் கதவுக்கு வெளியே நீட்டி
கண்ணை மூடியிருக்கிறான்.
பெருவிரல் சிவந்து, தோல் இறுகிப் பளபளக்கிறது.
ஈ உட்கார்ந்தாலும் பல்லைக் கடிக்கிறான்.
ஞாயிற்றுக்கிழமை இழவு வீட்டில்
சோளக் கள் எத்தனை குடுக்கை என்று
கணக்கு வைக்கவில்லையாம்.
"கிளட்ச் மிதிக்க முடியாது, மேடம்.
நீங்களே ஓட்டுங்க."

ஓட்டினேன். வா நகரத்துக்கு அறுபது கிலோமீட்டர்.
ஒவ்வொரு குழிக்கும் ஒரு புனிதரைக் கூப்பிட்டான்.
பின்சீட்டில் ஐஸ் உருகிக்கொண்டே வந்தது.

குளிர்ந்த உரலில் அரைக்கிறேன், அவசரமாய்.
காற்றைப் பிளக்கிற நொதியை நான் தேடவில்லை.
அதற்குப் புகழ் உண்டு,
மாலிப்டினம் பதித்த நெஞ்சு உண்டு,
ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகிற நோஞ்சான் உடம்பும் உண்டு.
எல்லாப் பாடப்புத்தகத்துக்கும் அதுதான் அட்டைப்படம்.

நான் தேடுவது அதன் பக்கத்து வீட்டுக்காரியை.
பாக்டீரியா குடியேறாத ஒரு செல்,
நெரிசலான தெருவில்
யாரும் வாடகைக்குக் கேட்காமல் கிடக்கும் அறைபோல.
அங்கே இருக்கிறாள் யூரிகேஸ்.
பிடித்துவந்த நைட்ரஜன் கைமாறிக் கைமாறி
குளூட்டமைனாகி, பியூரினாகி,
கடைசியில் யூரிக் அமிலமாய் இவள் வாசலில் நிற்கும்.
சரியாய்க் கரையாத சரக்கு. தண்டில் ஏறாது.
இவள் அதை உடைத்து
அலன்டோயினுக்கு வழி திறந்து
மேலே அனுப்பிவிடுகிறாள்.
இலைக்கு இவள் பெயர் தெரியாது.

இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று நானோமீட்டர்.
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.
யூரிக் அமிலக் கரைசலில்
முடிச்சின் சாறு ஒரு துளி.
எண் இறங்குகிறது.
புள்ளி ஒன்பது.
புள்ளி எட்டு நான்கு.
ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில்
பாயுவோ காலைத் தூக்கி வைத்திருப்பது தெரிகிறது.
புள்ளி ஏழு ஒன்று.
அந்த மூட்டுக்குள் ஊசி ஊசியாய் உறைந்து குத்துவதும்
இதே அமிலம்தான்.

நமக்கும் இவள் இருந்தாள்.
குரங்கோ மனிதனோ என்று முடிவாகாத ஏதோ ஒரு காலத்தில்
எழுத்துப் பிழை விழுந்தது.
அந்தப் பக்கத்தை யாரும் கிழிக்கவில்லை.
என் உடம்பில் இருக்கிறது, அவன் உடம்பிலும்,
படிக்க முடியாமல்.
ஆட்டுக்குப் படிக்கத் தெரியும். நாய்க்குத் தெரியும்.
அங்சொமா வயலின்
முழங்கால் உயரத் தட்டைப்பயறுக்குத் தெரியும்.

புள்ளி ஐந்து எட்டில் மின்சாரம் போயிற்று.
டம்சோர் என்று நடைவழியில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.
இருட்டில், அந்தச் சின்னக் கண்ணாடிக் குழிக்குள்
வேலை நின்றிருக்காது.
எண் பார்க்க ஆள் வேண்டும் என்பது
எனக்குத்தான்.

மிச்ச ஐஸைத் துணியில் முடிந்து
அவன் விரல்மேல் வைத்தேன்.
"என்ன சொல்லுது பயறு?"
"உன் வியாதி அதுக்கு வராதாம்."
சிரிக்கப் போய், விரல் அசைந்து,
ஒரு புனிதரைக் கூப்பிட்டு,
பிறகு சொன்னான்:
"அதுக்குக் கால் இல்லையே, மேடம்."

துணியிலிருந்து சொட்டிய தண்ணீரில்
மீன் வாடை.